மகளின் கவிதையில் வீட்டுக் கதை: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கவிதை எழுத்தில் எம்.எஃப்.ஏ. என்னும் முதுகலைப் பட்டம் படித்தால் பிழைப்புக்கு வழியுண்டா என்பது ஒன்று. விண்ணப்பத்துடன் மகள் அனுப்பவிருக்கும் கவிதைகளில் வீட்டுச் சண்டையெல்லாம் சந்திக்கு வருகிறதே என்பது மற்றொன்று.

முதலாவதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டம் வேலைக்கு உத்தரவாதம் தராது. ஆகவே கடன் வாங்கிப் படிக்க வேண்டாம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தச் சம்பளமும் தரும் பல்கலைக்கழகங்கள் அங்கே உண்டு. அவற்றுக்கு மட்டும் விண்ணப்பிக்கட்டும்.

இரண்டாவதுக்கு வருகிறேன். 1959இல் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவலின் 'லைஃப் ஸ்டடீஸ்' தொகுப்பு குடும்ப விவகாரத்தையும் மனநோயையும் வெளிப்படையாகப் பேசியபோது, விமர்சகர் எம்.எல். ரோசந்தால் அதைப் பாவமன்னிப்பு கேட்பதோடு ஒப்பிட்டார். அதே ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் லோவல் நடத்திய வகுப்பில் பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர்களான சில்வியா பிளாத்தும் ஆன் செக்ஸ்டனும் உட்கார்ந்திருந்தார்கள். செக்ஸ்டன் மனநல மருத்துவர் சொல்லி எழுதத் தொடங்கியவர். கல்லூரிப் பட்டம் இல்லாத அவர், பிற்பாடு அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். எனவே அந்தரங்கத்தைக் கண்டு அங்குள்ள தேர்வுக்குழு முகம் சுளிக்காது; அதற்காக மதிப்பெண் கூட்டியும் போடாது. அவர்கள் பார்ப்பது கைத்திறனை.

இன்னொரு அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப்பின் 'ஒன் ஆர்ட்' கவிதையை மகளோடு உட்கார்ந்து படியுங்கள். முதல் வரைவு, மூக்குக் கண்ணாடியைத் தொலைத்தது, பேனாவைத் தொலைத்தது என்று நாட்குறிப்புபோல் அவிழ்ந்து கிடக்கிறது. பதினேழு வரைவுகள் எஞ்சியிருக்கின்றன. முடிவில் அது பத்தொன்பது அடிகளும் திரும்பத் திரும்ப வரும் வரிகளும் கொண்ட வில்லனெல் என்னும் கறாரான யாப்புக்குள் வந்துவிட்டது. சாவி, அம்மாவின் கடிகாரம், வீடுகள், நகரங்கள் என்று இழப்பு பெருகிக்கொண்டே போய், கடைசியில் அன்புக்குரியவரிடம் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் 'எழுது' என்று கவிஞர் அடைப்புக்குறிக்குள் தன்னையே அதட்டுகிறார். யாப்பின் இறுக்கம் இல்லையென்றால் அந்த அதட்டல் வெறும் புலம்பலாகியிருக்கும்.

உங்கள் பயத்தில் நியாயமும் உண்டு. மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கைப் பிரிந்த லோவல், அவருடைய கடிதங்களை மாற்றியெழுதி 1973இல் 'தி டால்ஃபின்' நூலில் சேர்த்தார். கூடாது என்று முன்கூட்டியே எச்சரித்தவர் நெருங்கிய தோழியான பிஷப். நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனாலும் நான் பிஷப் கட்சிதான். மகள் தன் காயத்தை எழுதலாம். உங்கள் கடிதத்தையோ அப்பாவின் தொலைபேசிப் பேச்சையோ எடுத்தாள்வதானால் உங்களிடம் கேட்டாக வேண்டும்.

இப்போதைக்கு அவளிடம் ஒரே ஒரு கவிதையின் எல்லா வரைவுகளையும் கேளுங்கள். ஒரு வரைவுதான் இருக்கிறது என்றால், விண்ணப்பத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.