குட்டியைக் கையில் தராத இடமாகத் தேடுங்கள்

கேள்வி: கால்நடை மருத்துவம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. தாயை இழந்த சிம்பன்சி, ஒராங்குட்டான் குட்டிகளைப் பராமரிக்கும் மையம் ஒன்றில் இரண்டு மாதம் தன்னார்வலராக வேலை செய்ய ஆசை. விசாரித்ததில் ஒரு மையம், பணம் கட்டினால் முதல் நாளிலிருந்தே குட்டிகளைத் தூக்கலாம், பால் புகட்டலாம் என்கிறது. இன்னொரு மையம், ஆறு மாதத்துக்குக் குறைவாக வரவே வேண்டாம், வந்தாலும் குட்டிகள் பக்கம் போக முடியாது என்று முகத்தில் அடித்ததுபோல் பதில் போடுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? என்ன தயாரிப்போடு போக வேண்டும்?

பதில்: இரண்டாவது இடம். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆறு மாதம் ஒதுக்க முடியாவிட்டால் அதே மாதிரி கறாரான வேறு இடம் பாருங்கள். முதலாவது இடத்துக்கு மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள்.

ஏன் என்று புரிய, அந்தக் குட்டி எப்படி அங்கே வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிம்பன்சிக் குட்டி முதல் சில மாதங்கள் தாயின் உடம்பை விட்டு இறங்குவதே இல்லை. ஒராங்குட்டான் குட்டி ஆறேழு வருடம் தாயோடுதான் இருக்கும். தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியைப் பறிக்க முடியாது. சிம்பன்சிக் கூட்டம் என்றால் காப்பாற்ற வரும் மற்றவையும் சேர்ந்து சாகும். ஆப்பிரிக்கக் காடுகளில் பெரும்பாலும் தாயை இறைச்சிக்காகச் சுடுகிறார்கள். குட்டியில் கறி தேறாது என்பதால் அதை உயிரோடு விற்கிறார்கள். ஒராங்குட்டான்கள் வாழும் போர்னியோவிலும் சுமத்ராவிலும் காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நட்ட இடங்களில், பயிரைத் தின்ன வந்ததென்று தாயைக் கொல்கிறார்கள். குட்டி யார் வீட்டிலாவது செல்லப் பிராணியாகிறது. 2005 முதல் 2011 வரையான ஏழு ஆண்டுகளில் இந்த வணிகத்தால் காட்டிலிருந்து காணாமல்போன மனிதக்குரங்குகள் குறைந்தபட்சம் 22,000க்கு மேல் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2013இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது.

நான் வேலை பார்த்த மையம் ஒன்றுக்கு ஒருநாள் காலை அட்டைப்பெட்டியில் ஒரு சிம்பன்சிக் குட்டி வந்தது. ஒன்றரை வயது இருக்கும். இடுப்பில் நைலான் கயிறு. பல மாதம் கட்டியே கிடந்ததில் தோல் கயிற்றின்மேல் வளர்ந்து மூடியிருந்தது. மயக்கம் கொடுத்துக் கயிற்றை வெட்டி எடுத்தோம். புண்ணைக் கண்டு எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அது நம் தொழில். மயக்கம் தெளிந்ததும் அது தன்னைத்தானே இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியதுதான் தாங்க முடியவில்லை. ஒரு பழைய துண்டை நீட்டினேன். பிடித்த பிடியை மூன்று நாள் விடவில்லை. துவைக்க வழியில்லாமல், பாதித் தூக்கத்தில் இன்னொரு துண்டைச் செருகி முதல் துண்டை மெல்ல உருவினோம்.

நீங்கள் மருத்துவர் என்பதால் முதல் சில நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். முதலில் உடம்புச் சூடு, அப்புறம் நீர்ச்சத்து, அதற்குப் பிறகுதான் உணவு. பசும்பால் வேண்டாம், மனிதக் குழந்தைகளுக்கான பால்மாவுதான் கொடுப்போம். மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். ஆகவே எதையாவது கட்டிப்பிடித்தபடி நிமிர்ந்த நிலையில் குடிக்க வைக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். தாயைச் சுட்டபோது சிதறிய ஈயக் குண்டுகள் குட்டியின் உடம்பிலும் கிடக்கலாம். பிறகு தனிமைப்படுத்தல்: இடத்தைப் பொறுத்து ஒரு மாதம் முதல் மூன்று மாதம், காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமிகள், குடற்புழு எல்லாவற்றுக்கும் பரிசோதனையோடு. ஆனால் மற்ற விலங்குகளிடமிருந்துதான் பிரிக்கிறோம். குட்டியைத் தனியே அடைத்தால் செத்துப்போகும். பராமரிப்பாளர் ஒருவர் அதோடு சேர்ந்து உள்ளே இருப்பார், ராத்திரியும்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவுக்கு அருகே, கிளாடின் ஆந்த்ரே 1994இல் தொடங்கிய லோலா யா போனோபோ மையத்தில், உள்ளூர்ப் பெண்கள், சிம்பன்சியின் நெருங்கிய உறவான போனோபோவின் குட்டிகளுக்கு வளர்ப்புத் தாய்களாக இருக்கிறார்கள். மாதக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில். அதே நாட்டிலுள்ள விருங்கா தேசியப் பூங்காவின் நடகாசி என்ற மலைக் கொரில்லாவையும் நீங்கள் படத்தில் பார்த்திருக்கலாம். 2007இல், இரண்டு மாதக் குட்டியாக, சுடப்பட்ட தாயின் உடலைப் பற்றிக்கொண்டு கிடந்த அதைக் காவலர் ஆந்த்ரே பௌமா தன் மார்பில் அணைத்துச் சூடேற்றிக் காப்பாற்றினார். 2021இல் அது அவர் மடியிலேயே இறந்தது. பதினான்கு வருடம் கூடவே இருந்த மனிதருக்குக் கிடைத்த இடம் அது. இரண்டு மாத விசாவில் போகிறவர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? குட்டி உங்களைப் பற்றிக்கொள்ளும். அறுபதாம் நாள் நீங்கள் விமானம் ஏறுவீர்கள். அம்மா மறுபடியும் காணாமல் போய்விட்டாள் என்பதுதான் அதற்குத் தெரியும். அடுத்த வாரம் அடுத்த தன்னார்வலர் வருவார்.

நோய் விஷயம் இன்னும் அப்பட்டமானது. நமக்கு வெறும் ஜலதோஷம் தரும் கிருமிகள் ஐவரி கோஸ்டின் டாய் தேசியப் பூங்காவில் 1999க்கும் 2006க்கும் இடையே காட்டுச் சிம்பன்சிகளைக் கொன்றிருக்கின்றன. அவற்றுக்குத் தொற்றியது மனிதர்களிடமிருந்துதான். காய்ச்சலுக்குப் பின் நம் உதட்டோரம் கிளம்பும் கொப்புளம் இருக்கிறதே, அந்த ஹெர்பிஸ் கிருமி கிப்பன் குரங்கின் உயிரையே எடுத்துவிடக்கூடும். அதனால் நல்ல மையம் பணத்தைக் கேட்பதற்கு முன்பே உங்கள் காசநோய்ப் பரிசோதனை முடிவைக் கேட்கும். தட்டம்மை, ஹெபடைட்டிஸ் ஏ, பி, டெட்டனஸ், போலியோ, ஃப்ளூ, வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்றுகளையும் கையில் வைத்திருங்கள். ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கட்டாயம். போய் இறங்கியதும் சில நாள் விலங்குகள் பக்கம் விடமாட்டார்கள், கோபப்படாதீர்கள். இது எதையும் கேட்காமல் "வாங்க வாங்க" என்று சொல்லும் இடத்தில் சந்தேகம் வர வேண்டும்.

சரி, குட்டி பிழைத்துவிட்டது. அப்புறம்? ஒராங்குட்டானுக்குக் காட்டுப் பள்ளி. போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியிலுள்ள மத்திய கலிமந்தானில் 1999இல் தொடங்கிய ஞாரு மெந்தெங் மையத்தில் சின்னக் குட்டிகளைக் காலையில் தள்ளுவண்டியில் ஏற்றி மரங்களுக்கு நடுவே கொண்டுபோவார்கள். எந்தப் பழம் தின்னலாம், கிளையை வளைத்துப் படுக்கைக் கூடு எப்படிக் கட்டலாம் என்று தாய் காட்டித் தந்திருக்க வேண்டியதை அங்கே வருடக்கணக்கில் பழக வேண்டும். மனிதரைக் கண்டால் விலகிப் போகவும் பழக வேண்டும், இதுதான் கடினம். எல்லோரும் கொஞ்சிய குட்டி பெரிதானதும் காட்டை விட்டு ஊருக்குள்தான் வரும். அந்த மையம் 2012இல் புக்கிட் பாத்திக்காப் காட்டில் ஒராங்குட்டான்களை விடத் தொடங்கியது.

சிம்பன்சிக்கு இது இன்னும் சிக்கல். 1996 முதல் காங்கோ குடியரசின் கொங்குவாத்தி பகுதியில் அநாதைச் சிம்பன்சிகளைக் காட்டில் விட்டபோது, விடப்பட்ட ஆண்களைக் காட்டு ஆண்கள் தாக்கின. எல்லைக்குள் அந்நியன் வந்தால் சிம்பன்சி சும்மா விடாது. அதனால் பெரும்பாலான அநாதைச் சிம்பன்சிகள் காப்பகத்திலேயே ஐம்பது வயதுவரை வாழப்போகிறவை. என்னைக் கேட்டால், "எல்லாவற்றையும் காட்டில் விட்டுவிடுவோம்" என்று சொல்லும் மையத்தைவிட, "இவற்றில் பலவற்றை எங்களால் விட முடியாது" என்று ஒப்புக்கொள்ளும் மையத்தைத்தான் நம்புவேன். துண்டைப் பிடித்துக் கிடந்த அந்தக் குட்டியும் காப்பகத்தில்தான் இருக்கிறது. மூன்று வருடம் கழித்துப் பார்க்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என்மேல் வீசிவிட்டு மற்றக் குட்டிகளோடு ஓடியது. அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.

மையத்துக்கு எழுதும்போது சில விஷயங்களைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். விலங்குகள் எங்கிருந்து வந்தன? அரசின் வனத்துறை பறிமுதல் செய்து ஒப்படைத்தவையா, விலை கொடுத்து வாங்கியவையா? இலங்கையில் பிறந்து சியரா லியோனில் கணக்காளராக இருந்த பாலா அமரசேகரன், 1988இல் நோயுற்றுக் கிடந்த ஒரு சிம்பன்சிக் குட்டியை இரக்கப்பட்டு விலைக்கு வாங்கினார். புரூனோ என்று பெயர் வைத்தார். அதிலிருந்துதான் 1995இல் டாக்குகாமா காப்பகம் பிறந்தது. அன்றைக்கு அது சரி. இன்று ஒரு மையம் காசு கொடுத்து வாங்கினால், வேட்டைக்காரனுக்கு அடுத்த தோட்டாவுக்கும் சேர்த்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். அதே டாக்குகாமா 2025இல், சுற்றியுள்ள காட்டை அழிப்பதை எதிர்த்துப் பார்வையாளர்களுக்குக் கதவைச் சாத்தியது, வரும்படி போனாலும் பரவாயில்லை என்று.

பெண் விலங்குகளுக்குக் கருத்தடை செய்கிறார்களா என்றும் கேளுங்கள். இடமில்லாத காப்பகத்தில் குட்டி பிறப்பது நல்ல செய்தி இல்லை. பெரியவை எங்கே என்று கேட்க மறக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் கொஞ்சுவதற்குக் குட்டிகள் இருந்து, வளர்ந்த விலங்குகள் மட்டும் கண்ணில் படாத இடமென்றால் விலகிவிடுங்கள். ஆப்பிரிக்காவில் என்றால், 2000இல் உருவான அனைத்து ஆப்பிரிக்கக் காப்பகக் கூட்டமைப்பில் (PASA) அந்த மையம் உறுப்பினரா என்று பார்ப்பது எளிய வழி.

குட்டியைத் தூக்கிய படம் கிடைத்தாலும் வெளியிடாதீர்கள். 2009இல் ஒரு தேவாங்கு வகையைக் கிச்சுக்கிச்சு மூட்டும் வீடியோ உலகெங்கும் பரவியது. அது கையைத் தூக்கியது சுகத்தில் இல்லை. முழங்கை அருகே உள்ள நஞ்சுச் சுரப்பியை வாய்க்கு எட்டவைக்கும் தற்காப்பு அது. பார்த்தவர்களில் எத்தனையோ பேருக்கு அதே மாதிரி ஒன்றை வளர்க்க ஆசை வந்தது. விற்பவர்கள் நகவெட்டியால் அதன் பற்களை நறுக்கிவிடுகிறார்கள். மரப்பிசினைச் சுரண்டித் தின்னும் பிராணிக்குப் பல் போனால் காடும் போயிற்று.

போனால் என்ன வேலை கிடைக்கும்? பழம் நறுக்குவது, கூண்டு கழுவுவது, துளை போட்ட மரக்கட்டையில் தேன் தடவி வைப்பது. அப்புறம் மைக்ரோஸ்கோப். என் முதல் இரண்டு மாதத்தில் சிம்பன்சியின் மலத்தைத்தான் மிக நெருக்கமாகப் பார்த்தேன். ஆகவே விண்ணப்பத்தில் "குட்டிகள் என்றால் உயிர்" என்று எழுதாதீர்கள், அதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். மலப் பரிசோதனை தெரியும், மயக்க நிலையில் உள்ள விலங்கைக் கண்காணிக்கத் தெரியும், உள்ளூர்ப் பராமரிப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விருப்பம் என்று எழுதுங்கள். ஜெனரேட்டர் பழுதுபார்க்கத் தெரியுமென்றால் அதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.