வயசு என்னன்னு கேட்டுட்டு ஊத்துங்க

போன இதழ்ல ஏற்காடு சீசன் பத்தி எழுதினப்ப, மேல இருக்கற பார்கள்ல மீசை முளைக்காத பசங்க டேபிள் போட்டு உக்காந்திருக்கறத ரெண்டு வரில சொல்லியிருந்தேன், அந்த ரெண்டு வரிக்குத்தான் இவ்ளோ கடிதம். நான் சேலத்துலயும் ஏற்காட்டுலயும் ஹோட்டல் பார்ல ஸ்டூவர்டா, அப்புறம் கேப்டனா 11 வருஷம் நின்னவன்ங்கறதால எல்லாரும் அத வெச்சே கேட்டிருக்கீங்க. பேர் போட வேணாம்னு சொன்னவங்க பேர் எதையும் போடல.

*அண்ணா, என் பையனுக்கு 17 வயசு, இப்பதான் பிளஸ் டூ எழுதினான். ஃப்ரெண்ட்ஸோட ஏற்காடு போய்ட்டு ராத்திரி 9 மணிக்கு வந்தான், வாயெல்லாம் வாடை. கேட்டா "பீர்தானம்மா, அங்க எல்லாருக்கும் தர்றாங்க"ங்கறான். எப்படிண்ணா தரலாம்? நான் யாரப் போய் கேக்கறது?*
– வாசகி, அஸ்தம்பட்டி

தங்கச்சி, தரவே கூடாது. தமிழ்நாட்டுல 21 வயசு முடியாதவங்களுக்கு மது விக்கக் கூடாதுன்னு சட்டம், டாஸ்மாக் கடைக்கும் அதான், ஹோட்டல் பாருக்கும் அதான். உங்க பையன் 18 கூட ஆகாதவன், அவனுக்கு ஊத்திக் குடுத்தது இன்னும் பெரிய குத்தம். 2015 சிறார் நீதிச் சட்டம் 77வது பிரிவுல, 18க்கு உள்ள இருக்கற பிள்ளைக்கு மது குடுத்தா 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. வித்தவருக்கு மட்டும்தான்னு அதுல இல்ல, குடுத்தவர் யாரா இருந்தாலும். கூட போன 22 வயசு அண்ணன் ஒருத்தன் வாங்கிக் குடுத்திருந்தா அவனுக்கும் சேத்துத்தான். எந்த இடம்னு பையன் சொன்னான்னா மதுவிலக்கு போலீசுக்கு 10581ல சொல்லுங்க, காசு ஆகாது.

"பீர்தான" அப்படிங்கறத மட்டும் நம்பிடாதீங்க. நம்ம ஊர்ல பசங்க வாங்கறது எல்லாம் ஸ்ட்ராங் பீர். 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் வரைக்கும் இருக்கும், அப்ப உள்ள சுத்தமான ஆல்கஹால் 52 மில்லி. ஒரு குவாட்டர் பிராந்தில 77 மில்லி. ஆக ரெண்டு ஸ்ட்ராங் பீர் அடிச்சவன் ஒரு குவாட்டருக்கும் மேலயே அடிச்சுட்டான்னு அர்த்தம். 50 கிலோ இருக்கற பையன் உடம்பு அத எப்படித் தாங்கும்?

அதவிட எனக்கு வயித்த கலக்கறது வேற ஒண்ணு, 9 மணிக்கு வந்தான்னீங்களே, எதுல வந்தான்? அடிவாரத்துல இருந்து மேல போக 20 கொண்டை ஊசி வளைவு, இறங்கறப்ப இருட்டு, சமயத்துல பனி மூட்டம் வேற, நியூட்ரல்ல விட்டு பிரேக்க புடிச்சுக்கிட்டே இறங்கற பசங்கள தினமும் பாத்திருக்கேன், பாதி வழில பிரேக் சூடாகி புடிக்காது. வண்டி உங்களுதா இருந்து உங்க பையனே ஓட்டியிருந்தா, 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி உங்க வீட்டுக்காரருக்கே 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டி ஆர்சி ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. அதனால முதல்ல கேக்க வேண்டியது "ஏன்டா குடிச்ச" இல்ல, "யாருடா வண்டி ஓட்டுனது"ங்கறதுதான். அத அடிக்காம கேளுங்க. இனிமே எந்த ஊர்ல எந்த நேரத்துல மாட்டிக்கிட்டாலும் ஒரு போன் போடு, நானோ மாமாவோ வந்து கூட்டிட்டு வர்றோம், அன்னிக்கு ராத்திரி ஒண்ணும் கேக்க மாட்டோம்னு சொல்லி வைங்க. சொன்னபடி அன்னிக்கு கேக்காமலும் இருக்கணும், அடுத்த நாள் பேசிக்கலாம்.

*அண்ணே, நான் ஏற்காட்டுல ஒரு ரிசார்ட் பார்ல ஸ்டூவர்டா இருக்கேன். வயசு கேட்டா போன்ல ஆதார் போட்டோவ காட்டறாங்க, அது நிஜமா எடிட் பண்ணதான்னே தெரியல. ஓனர் "சீசன்ல வர்ற ஆள விரட்டாத"ங்கறாரு. நான் என்ன பண்ணட்டும்?*
– ஏற்காடு வாசகர்

தம்பி, இந்தக் கடிதத்துக்காகத்தான் இந்த வாரம் வேற விஷயம் கேட்ட கடிதத்த எல்லாம் தள்ளி வெச்சேன்.

போன்ல போட்டோவா இருந்தா ஏத்துக்காத. கேலரில இருக்கற படத்துல ஒரு எண்ணை மாத்தறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். டிஜிலாக்கர் ஆப்ப உன் கண்ணு முன்னாடி திறந்து காட்டச் சொல்லு, அதுல வர்றது ஒரிஜினலுக்கு சமம். இல்ல கையில கார்டு வெச்சிருந்தா ஆதார்ல இருக்கற கியூஆர் கோட ஆதார் ஸ்கேனர் ஆப்ல ஸ்கேன் பண்ணு, பேரும் பொறந்த தேதியும் போட்டோவும் வரும், மேல அச்சடிச்சிருக்கறது என்னவா இருந்தாலும் உள்ள இருக்கறத மாத்த முடியாது. சில பழைய ஆதார்ல வருஷம் மட்டும்தான் இருக்கும், அப்ப லைசென்ஸோ பான் கார்டோ கேளு. வோட்டர் ஐடி இருக்குன்னு விட்டுடாத, அது 18 ஆனாலே வந்துடும், அதுல வயசப் பாரு. காலேஜ் ஐடிய திருப்பிக் குடுத்துடு.

கணக்கு போடறதுல குழப்பம் வர்றது கூட்ட நேரத்துலதான். நாங்க பேன்ட்ரி கதவுல ஒரு சின்ன சிலேட்டு தொங்க விட்டிருந்தோம், தினமும் காலைல சாக்பீஸ்ல இன்னைக்கு தேதிக்கு சரியா 21 வருஷம் முன்னாடி தேதிய எழுதிடுவோம். கார்டுல இருக்கற தேதி அந்தத் தேதியோ அதுக்கு முன்னாடியோ இருந்தா சரி, பின்னாடி இருந்தா இல்ல. அவ்ளோதான், கூட்டல் கழித்தல் எதுவும் வேணாம்.

சந்தேகமா இருந்தா "பத்தாவது எந்த வருஷம் முடிச்சீங்க தம்பி"ன்னு சும்மா பேச்சுவாக்குல கேளு. 21 ஆனவன் டக்குனு சொல்லுவான், அடுத்தவன் கார்ட கொண்டு வந்தவன் மேல பாத்து கணக்கு போடுவான். எப்ப கேக்கறங்கறதும் முக்கியம். பாட்டில ஓப்பன் பண்ணதுக்கு அப்புறம் கேட்டா சண்டைதான் வரும், மெனு கார்டு வைக்கறப்பவே கேளு, அதுவும் டேபிள்ல இருக்கற அத்தன பேர்கிட்டயும். ஒருத்தன் கார்டு காட்டி ஆறு பீர் சொல்றது ரொம்ப பழைய வழி.

நானே ஒரு தடவ கேக்காம விட்டிருக்கேன். மே மாசம், மலர் கண்காட்சி கூட்டம், நிக்கறதுக்கு நேரமில்ல. அஞ்சு பசங்க. நான் ஆர்டர் எடுக்க டேபிள்கிட்ட போனதும் அதுல ஒருத்தன் சட்டுனு எந்திரிச்சு நின்னுட்டான். கிளாஸ்ல வாத்தியார் வந்தா எந்திரிப்பாங்களே, அந்த மாதிரி. மத்தவங்க சிரிச்சதும் உக்காந்துட்டான். அவன் இன்னும் ஸ்கூல் பையன்னு அந்த நிமிஷமே எனக்கு தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சும் அடுத்த டேபிள்ல பில்லு கேட்டுக்கிட்டு இருந்ததால ஒண்ணும் சொல்லாம பீர கொண்டாந்து வெச்சுட்டேன். ஒரு மணி நேரத்துல வெளிய சில்வர் ஓக் மரத்தடில கிடந்தான், கூட வந்தவங்க பயந்து தள்ளி நிக்கறாங்க, நான்தான் தலைய புடிச்சுக்கிட்டேன். கையில கோயில் கயிறு, புதுசு, சாயம் போகாத சிவப்பு. "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார், அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார்"னு இதே ஒரு வார்த்தைதான் திரும்பத் திரும்ப. நல்லவேளை விடியறதுக்குள்ள தெளிஞ்சான். ஆனா தம்பி, அன்னைல இருந்து நான் வேலைய விட்ட நாள் வரைக்கும் ஒரு டேபிள்ல கூட கேக்காம விட்டதில்ல.

அப்படி யாராவது விழுந்தா என்ன பண்ணணும்னும் தெரிஞ்சுக்கோ. மோர், எலுமிச்சை, காபி, தலைல தண்ணி எதுவும் போதைய இறக்காது, கல்லீரல் அது வேகத்துலதான் வேல செய்யும், நேரம்தான் மருந்து. ஒருக்களிச்சு படுக்க வை, மல்லாக்க போட்டா வாந்தி மூச்சுக்குழாய்ல போய் அடைச்சுடும். தனியா விட்டுட்டு போகாத. தட்டி எழுப்பினா எந்திரிக்கல, மூச்சு விட்டு விட்டு வருது, உடம்பு ஜில்லுன்னு இருக்குன்னா யோசிக்கவே கூடாது, 108. வீட்ல தெரிஞ்சுடுமேன்னு பசங்க கெஞ்சுவாங்க, கேக்காத.

ஓனருக்கு என்ன சொல்றதுன்னா, 21ங்கறது உங்க லைசென்ஸ்லயே இருக்கற நிபந்தனை, ஒரு டேபிள் பில்லுக்காக மொத்த பாரையும் அடகு வைக்கறீங்கன்னு சொல்லு. மறுத்தத எல்லாம் ஒரு நோட்ல தேதி, நேரத்தோட எழுதி வை, நாளைக்கு கேள்வி வந்தா அவருக்கே அது காப்பு. பசங்ககிட்ட மரியாதையா சொல்லு, "தம்பி, 21 ஆகாம குடுத்தா நான் ஜெயிலுக்கு போவணும், லைம் சோடாவும் சில்லி சிக்கனும் சொல்லவா"ன்னு. பாதி பேர் உக்காந்து சாப்பிட்டுட்டுதான் போவாங்க. வயசு கேட்டா அவமானம்னு அவங்களும் நினைக்கல, நாமதான் நினைச்சுக்கறோம்.

*18 வயசுல ஓட்டு போடலாம், வேலைக்கு போகலாம், குடிக்க மட்டும் ஏன் 21? பாண்டிச்சேரில 18தானே?*
– கல்லூரி மாணவர், கொண்டலாம்பட்டி

ஆமாப்பா, புதுச்சேரில 18. கேரளால 23, டெல்லில 25. ஒவ்வொரு அரசும் ஒவ்வொரு கோடு போட்டிருக்கு, 21தான் சரின்னு வானத்துல இருந்து வந்தது கிடையாது. ஆனா கோடு எங்கயாவது போட்டுத்தான் ஆகணும். அவசரப்படாம யோசிச்சு நிதானிக்கற மூளையோட முன்பகுதி முழுசா பக்குவமாக 20 வயசுக்கு மேல இன்னும் சில வருஷம் ஆகும்னு டாக்டருங்க சொல்றாங்க, சின்ன வயசுல ஆரம்பிச்சவங்கதான் பின்னாடி விட முடியாம அல்லாடறாங்கங்கறத நான் பார் கவுண்டர்லயே பாத்திருக்கேன். ஓட்டு போடறது உன் உரிமை, அதுல யாருக்கும் சந்தேகமில்ல. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காத.

*மதுவிலக்கு வந்தா இந்தப் பிரச்சனையே இருக்காதே, நம்ம சேலத்துலதானே முதல்ல கொண்டு வந்தாங்க?*
– ஓய்வு பெற்ற ஆசிரியர், செவ்வாய்ப்பேட்டை

உண்மைதான் ஐயா. 1937 அக்டோபர் 1, ராஜாஜி முதல்வரா இருந்தப்ப சென்னை மாகாணத்துலயே முதல் மாவட்டமா சேலத்துலதான் மதுவிலக்கு வந்துச்சு, இந்தத் திட்டத்துல போற வருமானத்த ஈடுகட்டத்தான் 1939ல விற்பனை வரியவே கொண்டு வந்தாங்க. அப்புறம் 1971ல தளர்த்தினாங்க, 2003ல இருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில. நான் மதுவிலக்குக்கு எதிரி இல்லைங்க. ஆனா அது வர்ற வரைக்கும் கடைல நிக்கற பையன் வயச கேக்கறதுக்கு புது சட்டம் எதுவும் வேண்டியதில்ல, இருக்கற சட்டமே போதும், அத இன்னைக்கு மத்தியானம் 12 மணிக்கு கடை திறக்கறப்பவே ஆரம்பிக்கலாம்.

*எங்க பொண்ணு 19 வயசு, இங்கிலாந்துக்கு படிக்கப் போறா. அங்க 18லயே பப்புக்கு போலாமாம், பயமா இருக்கு.*
– வாசகி, அம்மாபேட்டை

அங்க 18 ஆனா வாங்கலாம்மா. ஆனா நம்ம ஊரவிட அங்க கண்டிப்பா கேப்பாங்க. 'சேலஞ்ச் 25'ன்னு ஒரு முறை வெச்சிருக்காங்க, 18தான் சட்டம்னாலும் பாக்கறதுக்கு 25க்கு கீழ இருக்கற மாதிரி தெரிஞ்சா கார்டு கேட்டுடணும், பாஸ்போர்ட், லைசென்ஸ், இல்ல 'பாஸ்' முத்திரை போட்ட வயசு கார்டு. வயசு பாக்காம 18 ஆகாதவங்களுக்கு வித்துட்டா ஊத்திக் குடுத்த ஆளே சட்டத்துக்கு பதில் சொல்லணும், அதனால நரைச்ச முடி இல்லாதவங்க எல்லாருக்கும் அந்தக் கேள்வி சகஜம், யாரும் கோவிச்சுக்கறதில்ல. பொண்ணுகிட்ட பாஸ்போர்ட்ட ராத்திரி வெளிய தூக்கிட்டு சுத்தாம அந்த வயசு கார்ட வாங்கிக்கச் சொல்லுங்க. குடிக்கறதும் விடறதும் அவ முடிவு, கிளாஸ கண்ணு படாத இடத்துல வெச்சுட்டு போகக் கூடாது, தனியா திரும்பி வரக் கூடாது, இந்த ரெண்டையும் மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்புங்க.

*மாமா, எனக்கு 14 வயசு. எங்கப்பா தினமும் ராத்திரி கடை மூடினதுக்கு அப்புறம் என்னைத்தான் சந்துக்கடைக்கு அனுப்பி வாங்கியாரச் சொல்றாரு. அங்க யாரும் வயசு கேக்கறதில்ல. மீதி சில்லறைய நீயே வெச்சுக்கோங்கறாங்க. போக மாட்டேன்னா அடி விழுது. ஸ்கூல்ல படிக்க முடியல.*
– பேர் வேணாம், சேலம்

கண்ணு, நீ எழுதினது ரொம்ப நல்ல காரியம். இதுல உன் தப்பு ஒரு துளி கூட கிடையாது. நான் முன்னாடி சொன்ன அதே சட்டத்துல 78வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பிள்ளைங்கள வெச்சு மதுவ விக்கறதோ தூக்கிட்டு வர வைக்கறதோ குத்தம்னு அது சொல்லுது. உனக்கு பாட்டில் எடுத்துக் குடுத்து மிச்சத்த நீட்டறானே, அவன் மாட்டுவான், நீ மாட்ட மாட்ட.

ராத்திரி அப்பா போதையில இருக்கறப்ப எதுத்துப் பேசாத. அடி விழும்னு தெரிஞ்சா பக்கத்து வீட்டுக்கோ பாட்டி வீட்டுக்கோ போயிடு, அம்மாவையும் கூட்டிட்டு போ. 1098ங்கற நம்பருக்கு போன் பண்ணு, ராத்திரி பகல் எப்ப வேணா, காசு ஆகாது, உன்ன மாதிரி பிள்ளைங்களுக்காகவே இருக்கற நம்பர் அது. போன் இல்லன்னா உனக்கு புடிச்ச டீச்சர் ஒருத்தங்ககிட்ட இந்தப் பக்கத்த கிழிச்சுக் காட்டு, வாயால சொல்ல வரலைன்னா இத நீட்டினா போதும்.

அப்பாவுக்கும் வழி இருக்கு. குடிய நிறுத்தறதுக்கு உதவி கேக்க 14446, அதுவும் இலவசம், நம்ம சேலம் பெரியாஸ்பத்திரில மனநலப் பிரிவுலயும் போய் கேக்கலாம். காலைல அவர் தெளிவா டீ குடிச்சுட்டு இருக்கறப்ப அம்மாவோ சித்தப்பாவோ பக்கத்துல இருக்க, "அப்பா, என்னால இனிமே அங்க போக முடியாது"ன்னு ஒரு தடவ மட்டும் சொல்லிப் பாரு. சொல்ல பயமா இருந்தா சொல்லாத, 1098ல பேசறவங்க பாத்துக்குவாங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு அடுத்த வாரம் எழுது, நான் பாத்துட்டே இருப்பேன்.