வெள்ளையா இருக்கறதெல்லாம் மாவுப்பூச்சி இல்லைங்க

கேள்வி: அப்பார்ட்மென்ட் காம்பவுண்ட் ஓரமா 12 செம்பருத்தி வச்சிருக்கோம். மாசி வரைக்கும் நல்லா பூத்துச்சு, சித்திரை வெயில் ஆரம்பிச்சதும் கொழுந்தெல்லாம் சுருண்டு பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையாயிடுச்சு. கடையில குடுத்த மருந்தை ரெண்டு வாட்டி அடிச்சும் போகலை. வெட்டிடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வெட்டிராதீங்கம்மா. அது மாவுப்பூச்சி, வெயில் ஏற ஏற பெருகும், நல்ல மழை பேஞ்சா குறையும். மேல மெழுகு மாதிரி இருக்கறதால மருந்து உள்ள இறங்காது, ஆனா அதைத் தின்ன வர்ற நல்ல பூச்சிங்க அந்த மருந்துல செத்துப்போயிடும், அதான் நீங்க அடிக்க அடிக்க கூடுது. 2008ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தப்ப பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தின்னு எதையும் விடலை, மருந்துக்கும் கேக்கலை. 2010ல போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயேங்கற குட்டிக் குளவியை வரவழைச்சு விட்டாங்க, அது மாவுப்பூச்சிக்குள்ளயே முட்டை வச்சு அதைக் கொன்னுடும், அதுக்கப்புறம்தான் அடங்குச்சு.

இன்னொண்ணு, இதை ரொம்ப பேர் தெரியாமயே செய்றாங்க. மாவுப்பூச்சி கூட்டத்துக்கு நடுவுல கொஞ்சம் பெருசா, நீளநீளமா வெள்ளைக் குஞ்சம் தொங்க, சுறுசுறுன்னு ஓடற புழு ஏதாவது தெரியுதா பாருங்க. அது பொறிவண்டோட புழு! மாவுப்பூச்சியைத் தின்னுதான் வளரும். அதையும் சேத்து நசுக்கிடாதீங்க, ப்ளீஸ்.

இப்ப செய்ய வேண்டியது, ரொம்ப சுருண்ட நுனிய மட்டும் கிள்ளி பாலிதீன் கவர்ல கட்டிப் போட்டுடுங்க, மிச்சத்துக்கு காலையில ஓஸ் பைப்ல இலைக்கு அடிப்பக்கம் வேகமா தண்ணி பீச்சுங்க. எறும்பு ஏறுதா பாருங்க, பூச்சி விடற தேன் மாதிரி கழிவுக்காக எறும்பு அதுக்கு காவல் இருக்கும், நல்ல பூச்சிய அண்ட விடாது, அதனால எறும்பு ஏறற வழிய அடைச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. அப்பவும் இருந்தா 1 லிட்டர் தண்ணியில 10 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக்கரைசல் கலந்து சாயங்காலமா அடிங்க, முதல்ல ஒரு கிளையில அடிச்சுப் பாத்துட்டு.

கேள்வி: மழை முடிஞ்சா வாசல் முருங்கை அடிமரத்துல கம்பளிப்பூச்சி கூட்டமா ஒட்டிக்குது. பந்தம் கொளுத்தி சுடலாமா?

பதில்: வேணாங்க, பட்டை வெந்துடும். ராத்திரி இலை திங்கப் போயிட்டு பகல்ல அடிமரத்துல ஒண்ணா கூடும், அப்பவே சோப்புத்தண்ணி அடிச்சு தொடப்பத்தால தள்ளிப் புதைச்சிடுங்க. முடி பட்டா அரிக்கும், கைய நல்லா மூடிக்கங்க. கூட்டுப்புழு மண்ணுக்குள்ளதான் இருக்கும், மரத்தடிய லேசா கொத்தி விடுங்க.