இடம் நிறைய இருக்கிறதே, ஆள் கூடினால் என்ன?

கேள்வி: என் மகளும் மருமகனும் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்குக் குடிபோய், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் வீடு பார்க்கிறார்கள். அங்கே ஜனம் குவிகிறது, அதனால் ஏகப்பட்ட சிக்கல் என்கிறார்கள். தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு பரப்புள்ள மாநிலத்தில் ஆள் கூடினால் என்ன கெட்டுவிடும்?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: பரப்பு இருக்கிறது, சரி. வருகிறவர்கள் பரப்பு முழுக்கப் பரவி உட்காருவதில்லையே. 2000-ல் 2.08 கோடியாக இருந்த மக்கள்தொகை 2020-ல் 2.91 கோடி. கூடிய 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோவைச் சுற்றித்தான் இருக்கிறார்கள்.

நீங்கள் டெல்டாக்காரர், அதனால் சொல்கிறேன், கேட்டியும் நெல் விளைந்த பூமிதான். வயலும் புல்வெளியும் மழையை வாங்கி மெல்ல விட்டுக்கொண்டிருந்த இடம். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு ஹூஸ்டன் நகரைக் காக்க 1940-களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். மற்ற நாளில் காய்ந்து கிடக்கும், பெருமழைத் தண்ணீரை மட்டும் பிடித்துவைக்கும். ஆனால் உச்ச அளவுக்குத் தண்ணீர் ஏறினால் எதுவரை நிற்குமோ அவ்வளவு நிலத்தையும் அரசு வாங்கவில்லை. அப்போது சுற்றிலும் வயலும் மேய்ச்சலும்தான். ஊர் பெருத்தபோது அந்த மீதி நிலத்தில் வரிசையாக வீடுகள் வந்துவிட்டன, நம் ஊரில் ஏரி உள்வாயில் மனை போட்டு விற்ற மாதிரி.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழையில் தேக்கங்கள் நிரம்பி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. மதகைத் திறந்ததில் கீழே பஃபலோ பாயூ என்ற ஆற்றோரத்து வீடுகளும் மூழ்கின. தங்கள் வீடு தேக்கத்துக்குள் இருக்கிறது என்பதே பலருக்கு அதுவரை தெரியாது. எனக்கு இதில்தான் கோபம். ஜனம் வந்ததைக் குற்றம் சொல்ல மாட்டேன், பிழைப்புக்கு வருகிறார்கள். வீட்டை முதலில் கட்டு, வடிகாலை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

சாலை கதையும் அதேதான். கேட்டி ஃப்ரீவேயை 2008-ல் அகலப்படுத்தி முடித்தார்கள், பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம். அப்படியும் 2011-க்கும் 2014-க்கும் இடையில் நெரிசல் நேரப் பயணம் இன்னும் நீண்டுதான் போனது. இடம் கிடைத்ததும் இன்னும் தள்ளிப்போய் வீடு கட்டினார்கள், காரும் கூடியது. தண்ணீர் கதையும் அப்படித்தான்: நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நிலமே தாழ்ந்துபோக, அதைக் கட்டுப்படுத்த 1975-லேயே தனி அமைப்பு வைக்க வேண்டியிருந்தது.

மகளிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். வீடு ஆடிக்ஸ், பார்க்கர் தேக்கப் பகுதிக்குள் வருகிறதா என்று வரைபடத்தில் பார்க்கட்டும். புதுக் குடியிருப்பு என்றால் குடிநீர், கழிவுநீர்க் குழாய்க்கு வாங்கிய கடனை அடைக்க 'மட் டாக்ஸ்' என்று சொத்து வரியோடு சேர்த்து வாங்குவார்கள், அதையும் கணக்கில் வைக்கட்டும். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, அதற்குத் தனிப் பாலிசி வேண்டும்; அரசுத் திட்டத்தில் அது நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும், புயல் செய்தி வந்த பிறகு எடுத்தால் பயனில்லை.