கைச்சங்கிலியும் நான்கு இலக்கங்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘குட்டி இளவரசன்’ எழுதிய பிரெஞ்சு எழுத்தாளரும் விமானியுமான அந்த்வான் து செந்த்-எக்சுபெரியின் விமானம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 1944இல் காணாமல்போனவரின் கைச்சங்கிலி 1998இல் ஒரு மீனவர் வலையில் சிக்குகிறது. அடுத்த இரண்டே வருடத்தில் அதே பக்கத்தில் விமானமும் அகப்படுகிறது. சினிமாவில் வைத்தால்கூட நம்ப மாட்டார்கள். அறுபது வருடம் கடலடியில் கிடந்த உடைசலைப் பார்த்து, இது இன்னார் ஓட்டியது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? சுட்டது நான்தான் என்று ஒரு ஜெர்மானியர் சொன்னாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

இன்னொன்று. என் தாத்தா போருக்குப் பிறகு பர்மாவிலிருந்து ஊர் திரும்பியவர். அவர் கொண்டுவந்த அலுமினியத் தகடு ஒன்று வீட்டில் இருக்கிறது. ஜப்பான் விமானத்துடையது என்பார். உண்மையா என்று பார்க்க வழி உண்டா?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சந்தேகப்படுவதில் தவறே இல்லை. பிரான்சிலேயே பலர் அந்தக் கைச்சங்கிலியை மோசடி என்றார்கள். அன்றைக்கு அவர் முகம் ஐம்பது பிராங்க் நோட்டில் இருந்தது. அப்படிப்பட்டவர் பெயர் பொறித்த வெள்ளிச் சங்கிலி கிடைத்தது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? சங்கிலியில் அவர் பெயர், மனைவி கொன்சுவெலோவின் பெயர், அவருடைய அமெரிக்கப் பதிப்பாளரின் நியூயார்க் முகவரி எல்லாம் இருந்தன. ஆனால் எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். சங்கிலி அசல்தான் என்றே வைத்துக்கொண்டாலும், எந்த விமானம், எங்கே விழுந்தது என்று அது சொல்லாது.

அது செய்த ஒரே வேலை, தேடுகிறவர்களின் கண்ணை இடம் மாற்றியது. அதற்கு முன், 1992இல், நைஸ் நகரத்துப் பக்கம் கடலைச் சல்லடை போட்டுத் தேடியிருந்தார்கள். மீனவர் ழான்-குளோத் பியாங்கோவின் வலையில் சங்கிலி வந்ததோ மார்செய் பக்கம், ரியூ தீவுக்கு அருகே.

அந்தத் தீவை ஒட்டி விமான உடைசல் கிடப்பது முக்குளிப்பவரான லுக் வான்ரெலுக்கு வெகுநாளாகவே தெரியும். புதிதாக ஒன்றும் அவர் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்த குப்பையைத் திரும்பிப் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான். என் கணக்கில் இந்தக் கதையின் நாயகன் அவர்தான். முதலில், உடைசல் லாக்ஹீட் பி-38 லைட்னிங் என்ற அமெரிக்கப் போர் விமானம் என்று உறுதியானது. அது மட்டும் போதாது, ஏனென்றால் அந்தக் கடலில் பி-38கள் வேறும் விழுந்திருக்கின்றன. லா சியோட்டாவுக்கு அருகே ஒன்று இன்னும் கிடக்கிறது. அதனால் எந்த ரகம் என்று பார்த்தார். பாகங்களின் அமைப்பு, பி-38இன் பிற்கால ‘ஜே’ ரகத்தோடு ஒத்துப்போனது. செந்த்-எக்சுபெரி ஓட்டிய எஃப்-5பி அந்த ரகத்திலிருந்து வந்ததுதான்: துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டுக் கேமரா வைத்த உளவு விமானம். 2000 மே மாதம் வான்ரெல் விஷயத்தை வெளியே சொன்னார்.

அதற்கப்புறமும் பாகங்களைத் தொட அரசு அனுமதி வேண்டும். 2003 இலையுதிர் காலத்தில்தான் மேலே எடுத்தார்கள். இடது டர்போசார்ஜரை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) சேர்ந்த ஒரு துண்டைச் சுத்தம் செய்தபோது தெரிந்தது ‘2734 எல்’. எல் என்றால் இடது பக்கம். 2734 என்பது தொழிற்சாலை அந்த ஒரு விமானத்துக்குக் கொடுத்த வரிசை எண். அமெரிக்க ராணுவப் பதிவேட்டில் அதே விமானம் 42-68223. முன்னால் இருக்கும் 42, எந்த நிதியாண்டின் கொள்முதல் என்பதைக் காட்டுகிறது. அந்த விமானம்தான் 1944 ஜூலை 31 காலை கோர்சிகாத் தீவின் போர்கோவிலிருந்து செந்த்-எக்சுபெரியோடு கிளம்பித் திரும்பாமல் போனது. பத்திரமும் மூலப்பத்திரமும் சர்வே எண்ணில் ஒத்துப்போவது மாதிரி, கடலடித் துண்டும் தொழிற்சாலைக் கணக்கும் ராணுவப் பதிவும் ஒரே இடத்தில் வந்து நின்றன. 2004 ஏப்ரலில் பிரெஞ்சு அரசின் கடலடித் தொல்லியல் துறை இதை அறிவித்தது.

உங்களைப் போன்றவர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். போர்க்காலப் பட்டறையில் ஒரு விமானத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது சகஜம். அப்படி மாட்டிய துண்டாக இருக்கக் கூடாதா? இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த ஓட்டை உண்டு. ஆனால் அப்படியானால் அதே ரகத்து இன்னொரு விமானம், இவருடைய விமானத்தின் பாகத்தோடு, இவருடைய சங்கிலி கிடைத்த அதே தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும். தனியாக இருந்தபோது எதையும் நிரூபிக்காத சங்கிலி, எண் கிடைத்த பிறகு நல்ல சாட்சியாகிவிடுகிறது.

பக்கத்தில் கிடப்பதெல்லாம் சாட்சி ஆகிவிடாது என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. லைட்னிங்கின் உடைசலுக்கு அருகே மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மானியப் போர் விமானத்தின் எஞ்சினும் கிடந்தது. உடனே கதை கட்டத் தோன்றுமா இல்லையா? இரண்டும் மோதிக்கொண்டன, ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தின என்று. அந்த எஞ்சினின் மூலத்தைத் தேடிப் போனால், அது அலெக்சிஸ் ட்ஸு பென்ட்ஹைம் என்ற இளவரசர் ஓட்டி, 1943 டிசம்பரிலேயே விழுந்த விமானத்துடையது. ஏழு மாதத்துக்கும் மேல் இடைவெளி. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சரி, ஜெர்மானியர். 2008இல் ஹோர்ஸ்ட் ரிப்பெர்ட் என்ற முன்னாள் போர் விமானி, தன் முதுமையில், நான்தான் சுட்டேன் என்றார். செந்த்-எக்சுபெரியின் எழுத்து தனக்குப் பிடிக்கும், உள்ளே இருப்பது அவர் என்று தெரிந்திருந்தால் சுட்டிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். பத்திரிகைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் அன்றைய ஜெர்மன் விமானப்படைப் பதிவுகளில் அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மீட்ட பாகங்களிலும் குண்டுத் துளை இல்லை. மீட்டதோ விமானத்தில் சிறு பங்குதான், அதனால் சுடவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கட்டுரையில் அவரை விட்டதற்குக் காரணம் இதுதான். நெஞ்சைத் தொடும்படி இருக்கிறது என்பதற்காக நான் அதை வரலாற்றில் சேர்க்க மாட்டேன். ஆக்சிஜன் கோளாறா, இயந்திரப் பழுதா, எதிரியா என்று அந்த எண் சொல்லாது. எந்த விமானம் என்பதோடு அதன் வேலை முடிந்தது.

உங்கள் வீட்டுத் தகடு. முதல் காரியம், அதைப் புளி போட்டோ பிராசோ போட்டோ தேய்க்காதீர்கள். பெயிண்டின் மிச்சம், மையில் அடித்த முத்திரை எல்லாம் போய்விடும். வெளிப்பக்கத்தை விட உட்பக்கம் முக்கியம், எழுத்து அங்கேதான் தங்கும். இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், அழிந்த பொறிப்புகூடத் தெரியும். ‘ஆல்க்ளாட்’ என்ற தகட்டு வகையின் பெயரும் அதன் பக்கத்தில் ‘24எஸ்-டி’ என்ற உலோகக் கலவைக் குறியீடும் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கத் தகடு. கிரீடத்துக்குக் கீழே ‘ஏஎம்’ என்ற முத்திரை இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்துடையது. ஜப்பானிய எழுத்து இருந்தால் தாத்தா சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு உண்டு. வெறும் எண்கள் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். அநேகமாக அது பாக எண்ணாக இருக்கும். அதே எண் அந்த ரகத்து விமானங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். அதை வைத்து ரகத்தைச் சொல்லலாம், எந்த விமானம் என்று சொல்ல முடியாது. 2734 போன்ற அதிர்ஷ்டம் எல்லாத் துண்டுக்கும் வாய்ப்பதில்லை.

பர்மா வானத்தில் மூன்று நாட்டு விமானங்களும் பறந்தன, மூன்றும் விழுந்தன. தாத்தா தகட்டை எந்த ஊரில் எடுத்தார் என்று வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் இப்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். தகட்டின் இரு பக்கத்தையும், ஆணித் துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்கலாம்.