அம்மாவைக் கட்டாயமாக மனநல மருத்துவமனையில் சேர்த்தது சரியா?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. அப்பா இறந்தபின் தனியாகத்தான் இருந்தார். ஆறு மாதமாக, பக்கத்து வீட்டார் தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். அப்புறம் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். ஒருநாள் அரிவாள்மனையோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்று பொய் சொல்லித்தான் அழைத்துப்போய், மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். பத்து நாளாகிறது. என்னைப் பார்த்தாலே, "பெத்த மகளே என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில அடைச்சிட்டியே" என்று கத்துகிறார். ஷாக் வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. இதற்கிடையில் தம்பி, வீட்டுப் பத்திரத்தில் இப்போதே கையெழுத்து வாங்கிவிடலாம் என்கிறான். நான் செய்தது சரியா? இனி என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: சேர்த்தது சரி. சாப்பாடு நின்றுபோன 72 வயதுப் பெண்ணை, அதுவும் அரிவாள்மனையைக் கையில் எடுத்துவிட்டவரை, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது அவருக்கும் ஆபத்து, அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்து.

அந்த முட்டிவலிப் பொய்யை மட்டும் இனி தொடராதீர்கள். வேறு வழி தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் அழைத்து வருகின்றன, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் நோயே 'எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள்' என்ற பயம்தான். உங்கள் ஒவ்வொரு பொய்யும் அந்தப் பயத்துக்குச் சாட்சியாகிவிடும். அடுத்த முறை பார்க்கும்போது நேராகவே சொல்லுங்கள்: "அம்மா, முட்டிவலின்னு சொன்னது பொய்தான். நீ சாப்பிடாம கிடந்ததைப் பார்க்க முடியல. என் மேல கோபப்படு, ஆனா நான் உன்னை விட்டுட்டுப் போகல." அன்றைக்கும் கத்தலாம். கத்தட்டும். "நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்" என்று மட்டும் சமாதானம் சொல்லாதீர்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.

விஷம் கலக்கிறார்கள் என்று அவர் சொன்னால் வாதாட வேண்டாம், ஆமாம் போட்டுவிடவும் வேண்டாம். "உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது, எனக்கு அப்படித் தெரியல" என்றால் போதும். அதன்பின் பேச்சைப் பேத்திப் பக்கம், மாட்டுப் பக்கம், வயல் பக்கம் கொண்டுபோங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பல குடும்பங்களுக்கு இது தெரியாது, சில மருத்துவமனைகள் எடுத்துச் சொல்வதும் இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தானாக முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பவரை அவருக்காக முடிவெடுக்கும் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் அதிகபட்சம் 30 நாள் வரை சேர்க்கலாம். அதற்கு ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ, தனித்தனியாக அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். பெண் நோயாளி என்றால் மூன்று நாளுக்குள், இப்படிச் சேர்த்தது சரியா என்று பார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். போயிற்றா என்று கேளுங்கள். சேர்த்ததை எதிர்த்து அந்த வாரியத்திடம் முறையிட உங்கள் அம்மாவுக்கே உரிமை உண்டு, இலவசச் சட்ட உதவியும் உண்டு. அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள். மகளே சொல்கிறாள் என்பது அவர் மனதில் நிற்கும்.

30 நாள் என்பது உச்சவரம்பு. அதற்கு முன்பே தெளிந்துவிட்டால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது அவர் விரும்பினால் அவர் சம்மதத்தோடு தொடரலாம். 30 நாளைத் தாண்டவேண்டி வந்தால் இரண்டு மனநல மருத்துவர்கள் பார்க்க வேண்டும், வாரியத்தின் அனுமதியும் வேண்டும். முடிவெடுக்கும் திறன் அவருக்குத் திரும்பியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதும் சட்டத்தில் இருக்கிறது. வார்டில் அவர் தன் சொந்தப் புடவையைக் கட்டிக்கொள்ளலாம், முடியைக் கட்டாயமாக வெட்ட முடியாது, போன் பேசலாம். யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்வதும் அவர் உரிமைதான். உங்களையே பார்க்க மறுத்தால் மனம் உடையாதீர்கள். துவைத்த புடவையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, வந்துபோனதாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பிரதிநிதி என்ற இடத்தில் இப்போது இருப்பது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் என்ன மருந்து, எதற்கு, எவ்வளவு நாள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

வயதானவர்களுக்கு உடம்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் தகும். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, தைராய்டு, பி12 குறைபாடு, சில மாத்திரைகள், எல்லாமே மனக்குழப்பத்தை உண்டாக்கும். ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்பதால் உங்கள் அம்மாவுக்கு இருப்பது முதுமையில் வரும் மனச்சிதைவு வகை நோயாகவோ, கடுமையான மனச்சோர்வாகவோ, மறதிநோயின் தொடக்கமாகவோ இருக்கலாம். எது என்று கண்டறிந்தார்களா, ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எடுத்தார்களா என்று விசாரியுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்பதும் முக்கியம். காது மந்தமானவர்களுக்குச் சந்தேகம் எளிதில் வேர்விடும். கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் ஏதாவது வீட்டிலேயே கிடந்தால் இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

வீட்டில் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரைகளை அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மனநோய் மருந்துகளை இந்த வயதில் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். கை கால் விறைப்பு, எச்சில் வடிதல், எழுந்தால் தள்ளாட்டம், விழுங்கும்போது புரையேறுதல், மலம் சிறுநீர் போகாமை, எந்நேரமும் தூக்கம், இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே சொல்லுங்கள். மறதிநோய்தான் என்று தெரியவந்தால் இந்த மருந்துகளால் பக்கவாத ஆபத்து கொஞ்சம் கூடும், அதனால் தேவையையும் அளவையும் அடிக்கடி மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். நேற்றுவரை பேசியவர் திடீரென்று நாள், இடம் புரியாமல் உளறினால் அதை மனநோய் என்று விட்டுவிடக் கூடாது. உடனே உடம்பைச் சோதிக்க வேண்டும்.

ஷாக் என்று நீங்கள் சொல்லும் சிகிச்சையை மயக்க மருந்தும், தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் செய்வதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. எல்லோருக்கும் அது தேவைப்படாது. ஆனால் மனச்சோர்வு முற்றிச் சாப்பாட்டையே மறுக்கும் முதியவர்களுக்கு மாத்திரையைவிட வேகமாகப் பலன் தரும். அதையொட்டிய நாட்களின் நினைவு சிலருக்கு மங்கும், இதயத்தையும் முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும். டாக்டர் அதைப் பரிந்துரைத்தால் உடனே பயந்து மறுத்துவிடாமல், ஏன் என்று கேட்டு முடிவெடுங்கள்.

தம்பி சொல்வதற்கு ஒரே பதில்தான்: கூடாது. இந்த நிலையில் வாங்கும் கையெழுத்து பின்னால் கோர்ட்டில் நிற்பது சந்தேகம். அதைவிட, வார்டில் இருக்கும் தாயிடம் பத்திரத்தை நீட்டினால், சொத்துக்காகத்தான் அடைத்தார்கள் என்று அவர் ஆயுளுக்கும் நம்புவார். தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரைப் பாருங்கள், அவர் வாயால் கேட்கட்டும்.

டிஸ்சார்ஜுக்கு முன்பே, மாத்திரையை யார் கொடுப்பது, அடுத்த செக்கப் எப்போது, இரவில் கூட யார் இருப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். காபியில் மாத்திரையைக் கலந்து கொடுக்காதீர்கள். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று பயந்தவருக்கு அப்படிச் செய்தால், ஒருநாள் டம்ளரின் அடியில் அது தெரிந்தே தீரும். மறுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை போடும் ஊசிகள்கூட இருக்கின்றன. நிலைமை மோசமானால் 108, ஆலோசனைக்கு எந்நேரமும் 14416. அந்த 14416 உங்களுக்கும்தான். பத்து நாளாக நீங்கள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள்.

அம்மா நன்றாகத் தெளிந்தபின், மறுபடி இப்படி வந்தால் எந்த மருத்துவமனை, எந்த மருந்து வேண்டாம், யார் முடிவெடுக்க வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அதை முன்விருப்ப ஆவணமாக எழுதி வாரியத்தில் பதிவு செய்ய சட்டம் இடம் கொடுக்கிறது. பிரதிநிதியாகத் தம்பியையோ வேறு யாரையோ அவர் சொன்னாலும் அப்படியே எழுதுங்கள்.