நிலவறையில் பெரிய மீன்தொட்டி: கேள்விகளும் பதில்களும்

வீட்டின் நிலவறையைச் சீரமைத்து, அதன் சுவரோடு சுவராகப் பெரிய மீன்தொட்டி ஒன்றைப் பதிக்க விரும்பும் சென்னைவாசிகள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். கட்டுமானப் பொறியியல் என் தொழில். மீன் வளர்ப்பது அதைவிடப் பழைய பழக்கம். கணக்கு குழம்பாதிருக்க, எல்லாப் பதில்களிலும் 8 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட தொட்டியையே எடுத்துக்கொள்கிறேன். அது 50 கன அடி, அதாவது சுமார் 1,400 லிட்டர் கொள்ளும்.

கேள்வி (அண்ணா நகர்): எங்கள் தனி வீட்டில் 20 அடிக்கு 15 அடி நிலவறை ஒன்று, பழைய சாமான்கள் போடும் இடமாகக் கிடக்கிறது. அங்கே தொட்டி வைத்து அது ஒருநாள் உடைந்தால் அறையே மூழ்கிவிடும் என்று என் மனைவி அஞ்சுகிறார். அவரிடம் என்ன சொல்வது?

பதில்: கணக்கைச் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரே நொடியில் கொட்டினாலும், உங்கள் 300 சதுர அடித் தரையில் அது 2 அங்குலம்தான் நிற்கும். மீன்கள் சாகும், சாமான்கள் நனையும், அறை மூழ்காது. நிலவறையை மூழ்கடிக்கக்கூடிய தண்ணீர் சுவருக்கு வெளியே இருக்கிறது. அண்ணா நகர், தியாகராய நகர், மேற்கு மாம்பலம் பகுதிகளின் களிமண், ஐப்பசி கார்த்திகை மழையை எளிதில் கீழே இறங்கவிடாமல் உங்கள் சுவரைச் சுற்றியே தேக்கிவைத்துக்கொள்ளும். அப்படித் தேங்கிய நீர் நிலவறைத் தரைக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நின்றால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 1 டன் விசை கீழிருந்து மேலே தள்ளும். உங்கள் தரை முழுவதற்கும் அது ஏறத்தாழ 28 டன். கம்பி கட்டாத மெல்லிய தரையாக இருந்தால் நடுவில் உப்பி விரிசல் விடும்.

இதற்கு மேல் தெருவிலிருந்து வழிந்து இறங்கும் தண்ணீர் வேறு இருக்கிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவானது. அந்த வெள்ளம் உங்கள் சுற்றுச்சுவரில் விட்டுச்சென்ற கறை இன்னும் தெரிந்தால், நிலவறைப் படிக்கட்டின் முகப்பும் காற்றுத் துளைகளும் அந்தக் கறைக்கு மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். தெருவுக்குப் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் அதன் மட்டம் உயர்ந்துகொண்டே போவதையும் கணக்கில் சேருங்கள். முகப்பு தாழ்ந்திருந்தால், மீனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அங்கே ஒரு சிறு தடுப்புச்சுவரை எழுப்புங்கள்.

கேள்வி (மேற்கு மாம்பலம்): எங்கள் நிலவறைச் சுவர் மழைக்காலத்தில் உப்புப் பூத்து உதிர்கிறது. உள்பக்கம் நீர்த்தடுப்புப் பெயின்ட் அடித்து, மேலே ஜிப்சம் பலகை போட்டு மூடிவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். சரியா?

பதில்: சரியில்லை. மூடிய பிறகும் நோய் உள்ளே வளரும். அதைப் பார்க்கும் வசதிதான் உங்களுக்குப் போய்விடும். முதலில் இது கசிவா, வெறும் வியர்வையா என்று கண்டுபிடியுங்கள். இரண்டடிச் சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் அடைத்து, 2 நாள் விடுங்கள். தாளின் உள்முகத்தில் ஈரம் கோத்திருந்தால் அது மண்ணிலிருந்து வருகிறது. வெளிமுகத்தில் இருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. உங்கள் சுவரில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தால், முதல் வகை என்றே ஊகிக்கிறேன்.

நீர்த்தடுப்பு என்பது வெளிப்பக்கம் செய்ய வேண்டிய வேலை. வெளியே பூசிய படலத்தைத் தண்ணீரே சுவரோடு அழுத்திப் பிடிக்கும். உள்ளே பூசிய பெயின்டை அதே தண்ணீர் பின்னாலிருந்து தள்ளி உரித்துவிடும். கட்டி முடித்த வீட்டைச் சுற்றித் தோண்ட முடியாதபோது, கான்கிரீட்டின் துளைகளுக்குள் ஊடுருவிப் படிகமாகும் சிமென்ட் பூச்சையும், விரிசல்களில் அழுத்தத்துடன் செலுத்தும் கிரவுட் எனும் அடைப்புக் கலவையையும் நம்பலாம். பெரும்பாலான கசிவு சுவரின் நடுவில் இராது. தரையும் சுவரும் சந்திக்கும் மூட்டில்தான் தொடங்கும். அங்கே பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாக அடைக்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகும் சிறிது நீர் வரும் என்று வைத்துக்கொண்டே மற்றதைத் திட்டமிடுவது என் வழக்கம். சுவரடியில் ஒரு வாய்க்கால், அது போய்ச் சேரும் ஒரு குழி, குழிக்குள் மிதவை சுவிட்சோடு ஒரு மோட்டார், அது பழுதானால் இயங்க அதற்கு மேல் மட்டத்தில் இன்னொரு மோட்டார், வெளியேற்றிய நீர் திரும்பி வராதபடி குழாயில் ஒருவழி வால்வு ஆகியவை வேண்டும். இரண்டு மோட்டார்களும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும், ஏனெனில் பெருமழையன்று முதலில் போவது மின்சாரம். அலங்காரப் பலகையை மண்ணைத் தாங்கும் சுவரிலிருந்து 2 அங்குலமாவது தள்ளி நிறுத்துங்கள். ஜிப்சமும் எம்.டி.எஃப். பலகையும் இந்த இடத்துக்கு ஆகா. சிமென்ட் ஃபைபர் பலகை போதும்.

கேள்வி (திருவான்மியூர்): எங்கள் வீட்டில் நிலவறையே இல்லை. மணல் நிலம்தானே, தோண்டுவது எளிது என்று கொத்தனார் சொல்கிறார். புதிதாக எடுக்கலாமா?

பதில்: மீனுக்காக வேண்டாம். தோண்ட எளிதான மணல் சரியவும் எளிது. உங்கள் அண்டை வீட்டு அஸ்திவாரத்தின் பிடிமானம் அந்த மணல்தான். அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத நிலவறை சட்டப்படியும் சிக்கல். ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு: நம்மூரில் 'பேஸ்மென்ட்' என்றால் பல கொத்தனார்கள் பேஸ்மட்டத்தை, அதாவது தரைமட்டத்துக்கு மேலெழும் பீடத்தை, நினைத்துக்கொள்வார்கள். அவர் எதை எளிது என்றார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (நுங்கம்பாக்கம்): இவ்வளவு தொல்லை எதற்கு? முதல் மாடிக் கூடத்திலேயே வைத்துவிடக் கூடாதா?

பதில்: எடைதான் காரணம். தண்ணீர் 1,400 கிலோ, கண்ணாடி 300 கிலோவுக்கு மேல், மணலும் கல்லும் 200 கிலோ, இரும்புத் தாங்கி வேறு. மொத்தம் 2 டன். அது 20 சதுர அடியில், அதாவது 2 சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைந்த இடத்தில் உட்காருகிறது. நம் வீட்டு மாடித் தளங்களோ சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ புழக்க எடைக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. தொட்டி அதைப்போல் ஐந்து மடங்கு கேட்கிறது. பீம் எங்கே ஓடுகிறது என்று அறிந்த பொறியாளர் நேரில் வந்து பார்க்காமல் மாடியில் வைக்காதீர்கள். நிலவறைத் தரை மண்ணின்மேல் படுத்திருப்பதால் இந்தக் கவலை குறைவு. ஆனாலும் தாங்கியின் கால்களை நேரே தரையில் ஊன்றாமல், கம்பி கட்டிய கான்கிரீட் மேடை ஒன்றைப் போட்டு ரசமட்டம் பார்த்து வையுங்கள். எடையைத் தாங்கும் கண்ணாடி முறுக்கலைத் தாங்காது.

கேள்வி (கே.கே. நகர்): இந்த அளவுக்கு 12 மி.மீ. கண்ணாடி போதும் என்கிறார் தொட்டி செய்பவர். நீளத்தைக் குறைத்தால் பாதுகாப்பு கூடுமா?

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். நீளம் உயரத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டிய பிறகு, இன்னும் நீட்டினாலும் கண்ணாடியின் தகைவு, அதாவது நீரின் அழுத்தத்தால் அதற்குள் எழும் விசை, ஏறக்குறைய மாறாது. அதைத் தீர்மானிப்பது உயரம். மேல்விளிம்பில் பட்டைகள் இல்லாத இரண்டரை அடி உயரத் தொட்டிக்கு 12 மி.மீ. போட்டால் பாதுகாப்புக் காரணி, அதாவது கண்ணாடியின் வலிமை அந்தத் தகைவைப்போல் எத்தனை மடங்கு என்பது, 1.7 அளவில்தான் நிற்கும்; 19 மி.மீ. போட்டால் 4ஐத் தாண்டும். வழக்கமாக நாடப்படுவது 3.8. செலவைக் குறைக்க விரும்பினால் உயரத்தை 2 அடியாக்குங்கள். அப்போது 15 மி.மீ. போதுமானது. கை எட்டித் துடைக்கவும் அதுவே வசதி. குழாய்க்குத் துளை வேண்டுமென்றால் டஃபன்டு (பதப்படுத்திய) கண்ணாடி வாங்காதீர்கள். பதப்படுத்திய பின் துளையிட்டால் அது சுக்குநூறாகிவிடும்.

கண்ணாடியைப் படிக்கட்டு வழியே தனித்தனிப் பலகையாக இறக்கி, உள்ளேயே ஒட்டச் சொல்லுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான்தான் மீனுக்கு ஆகும். பதிப்பதற்கான திறப்பை இடைச்சுவரில் மட்டும் வெட்ட வேண்டும். மண்ணைத் தாங்கும் கான்கிரீட் சுவரில் உளி படக் கூடாது. பின்பக்கம் ஆள் நின்று வேலை செய்ய 3 அடியும், தொட்டிக்கு மேலே ஒன்றரை அடியும் விடுங்கள். முன்பக்கத்து அழகுக்காக இந்த இடத்தைக் குறைத்தவர்கள், முதல் முறை தொட்டியைக் கழுவும்போதே வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (வேளச்சேரி): எங்கள் போர்வெல் தண்ணீர் மிகவும் கடினமானது. மென்மையான நீரை விரும்பும் டிஸ்கஸ் மீன் வளர்க்க ஆசை. ஆர்.ஓ. இயந்திரம் வைத்தால் முடியுமா?

பதில்: முடியும்; ஆனால் வாரத்துக்குக் கால் பங்கு மாற்றுவதானாலே 350 லிட்டர் ஆர்.ஓ. நீர் வேண்டும், அதற்காகக் கழிவாகும் நீர் வேறு. 2019 கோடையில் ஏரிகள் வற்றி நாம் லாரிக்குக் காத்திருந்ததை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மீனுக்கேற்ற தண்ணீரைத் தேடுவதை விட, இருக்கிற தண்ணீருக்கேற்ற மீனைத் தேடுவது எளிது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட் மீன்கள் 7.8 முதல் 8.6 வரை பி.எச். உள்ள கார நீரிலேயே பிறந்தவை; கடின நீரும் அவற்றுக்கு ஒத்துவரும். நீலமும் மஞ்சளுமாக அவை கடல்மீன்களுக்குச் சளைத்தவை அல்ல. இரும்புச்சத்து மட்டும் அதிகமிருந்தால், நீரை ஒருநாள் காற்றூட்டித் தெளியவிட்டு ஊற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை நீக்கியாக வேண்டும். கடையில் 'ஆன்டி குளோரின்' என்று கிடைப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட்தான்.

தொட்டியை நிரப்பிய வாரமே வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு ஓடாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். போகும்போதும், விரல் நீளத்தில் அழகாக நீந்தும் ரெட் டெயில் கேட்ஃபிஷை வாங்கிவிடாதீர்கள். 3 அடிக்கு மேல் வளரும் அந்த மீனால் உங்கள் தொட்டியில் திரும்பக்கூட முடியாது. பிறகு அதை ஏரியில் விடவும் கூடாது. அப்படி விடப்பட்ட 'டேங்க் கிளீனர்' மீன்கள் தமிழக நீர்நிலைகளில் பெருகி நிற்பது போதும்.

கேள்வி (பெசன்ட் நகர்): கடல் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடல்மீன் தொட்டிக்கு அங்கிருந்தே தண்ணீர் எடுக்கலாமா?

பதில்: அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகில் எடுக்கும் நீரை நான் தொட்டியில் ஊற்ற மாட்டேன். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பைக் கரைப்பதே முறை. முதல் முறைக்கு ஏறத்தாழ 50 கிலோ ஆகும். மாற்றி எடுத்த உப்புநீரைச் செடிக்கோ, மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ விட்டுவிடாதீர்கள். 2003 முதல் நம் வீடுகளில் கட்டாயமான அந்தக் குழி நன்னீருக்கானது. உப்பை ஊற்றினால் உங்கள் கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும் ஒருசேரக் கெடும். நன்னீர்த் தொட்டியின் கழிவுநீரோ முருங்கைக்கும் வாழைக்கும் நல்ல உரம்.

கேள்வி (அம்பத்தூர்): மின்சாரம் போகும்போதெல்லாம் அடிப்பெட்டி வழிந்து தரை நனைகிறது. தொட்டி ஓட்டை இல்லை. என்ன காரணம்?

பதில்: என் முதல் பெரிய தொட்டியில் நான் செய்த அதே பிழைதான். மோட்டார் ஓடும்போது தொட்டியின் நீர்மட்டம் வழிவிளிம்புக்கு மேலே நிற்கும். நின்றதும் அவ்வளவும் கீழே உள்ள வடிகட்டிப் பெட்டிக்கு இறங்கும். இந்த அளவுத் தொட்டியில் ஓர் அங்குல நீர் என்பது 47 லிட்டர். மேலேறும் குழாயின் வாய் 3 அங்குலம் மூழ்கியிருந்தால், அது உறிஞ்சுகுழாயாக மாறி 140 லிட்டரைத் திருப்பி இறக்கிவிடும். நான் நள்ளிரவில் துணி பிழிந்துகொண்டிருந்தபோதுதான் இந்தக் கணக்கைப் போட்டேன். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இடுங்கள். காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். துளையில் பாசி அடைக்கும் என்பதால் மாதமொருமுறை குத்திவிட வேண்டும். அதோடு, ஓடும் நிலையில் பெட்டியில் எப்போதும் 100 லிட்டருக்குக் குறையாத காலியிடம் இருக்கட்டும். மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரிக் காற்று மோட்டார் ஒன்று அவசியம். 30 டிகிரி நீரில் கரையும் ஆக்சிஜனே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம்தான், நெருக்கமாக மீன் உள்ள தொட்டியில் அது விரைவில் தீரும்.

கேள்வி (முகப்பேர்): ஒயரிங் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தொட்டிக்கு இணைப்புத் தராதீர்கள். ஆனால் நிலவறையின் கசிவுநீர்க் குழியில் உள்ள மோட்டாரை அதே ஆர்.சி.சி.பி.யில் கோக்கக் கூடாது. தொட்டியின் விளக்கு ஒன்றில் மின்கசிவு ஏற்பட்டு ஆர்.சி.சி.பி. இணைப்பைத் துண்டித்தால், அடைமழையில் உங்கள் குழி மோட்டாரும் சேர்ந்து நின்றுவிடும். பிளக் பலகை 4 அடி உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஒயரும் கீழே தொங்கி வளைந்த பிறகே மேலேறிப் பிளக்கை அடையட்டும், அப்போதுதான் வழியும் துளி வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டியிலிருந்து தினமும் அரை வாளி நீராவது ஆவியாகும் என்பதால், மூடிய நிலவறைக்கு வெளியேற்று விசிறி கட்டாயம். தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்தால் அதன் வெப்பமும் அந்த வழியே போகட்டும்.

கேள்வி (குரோம்பேட்டை): பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கி, கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் மீன் விட்டுவிடலாமா?

பதில்: இந்தப் பொங்கலுக்குத் தொடங்குங்கள், பேரப்பிள்ளைகள் அடுத்த கோடையில் மீன் பார்க்கட்டும். கசிவு அடைப்பு, வாய்க்கால், குழி, மோட்டார் ஆகியவற்றை ஆடிக்குள் முடித்துவிட்டு, பலகையோ டைல்ஸோ போடாமல் சுவரை வெறுமையாக விடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு பெருமழைக்கும் மறுநாள் டார்ச்சோடு இறங்கி, ஈரம் தெரியும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுத் தேதி எழுதி வையுங்கள். தை பிறந்ததும் அந்த வட்டங்களை மட்டும் சரிசெய்துவிட்டு, தச்சரைக் கூப்பிடுங்கள்.